கருமாதி முடிந்தவர்

"படுங்க! படுங்க! தலையத் தூக்காதீங்க அம்மணி!"

ரங்கன் கத்துகிறான். எங்கள் தோட்டத்துப் பண்ணையாள், கிழவன். ஒரு நாளும் எங்களிடம் குரல் உயர்த்தியதில்லை. என்னையும் தங்கை வள்ளியையும் பருத்தி வண்டியிலிருந்து இழுத்து மண்ணில் தள்ளுகிறான். மில் வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள் சிதறி ஓடுகிறார்கள். போலீஸ் சுடுகிறது. டப். டப். டப். பத்து மணிச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். முப்பதுகளின் கடைசி. ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினொரு வயது.

ரங்கன் வெடிச்சத்தத்தை எண்ணுகிறான். "துப்பாக்கில மறுக்கா ரவை போடறானுங்க. இப்ப ஓடுங்க!"

ஓடினோம். மாடு மேய்க்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஓடும்போதே அந்தக் கேள்வி வந்தது. சுவர் மறைவை எட்டித் திரும்பினேன். வள்ளி பின்தங்கிவிட்டாள். அவளை மூடிக்கொண்டு அவன் கிடந்தான். வள்ளி அழுதபடி எழுந்தாள். அவன் எழவில்லை.

மறுநாள் காலை. துப்பறிகிறோம் என்று நினைப்பு எங்களுக்கு. அவன் படுத்திருந்த மாட்டுக் கொட்டகையில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே ராஜா தலை போட்ட பட்டாளத்து மெடல். ஓரத்தில் இங்கிலீஷில் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாரப்பன்.

அது எங்கள் அப்பாரின் பெயர். அப்பாவைப் பெற்றவர். பஸ்ரா சண்டையில் செத்துவிட்டார் என்று வருஷா வருஷம் திதி கொடுத்தோமே, அவர்.

அப்பா மெடலைப் பிடுங்கிக்கொண்டார். "தந்தி வந்துச்சு கண்ணு. கருமாதி செஞ்சுபோட்டோம். ரெண்டு வருசங் கழிச்சு உசுரோட வந்து நிக்கறாரு. கருமாதி முடிஞ்சவரை ஊட்டுக்குள்ள உட்டா ஆகாதுன்னு ஊரே சொல்லுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

பெயரை மாற்றிக் கொட்டகையில் வைத்துக்கொண்டார்கள். தன் திதிக்குத் தானே வாழையிலை அறுத்து வந்தார் அவர். ஊரை நான் மன்னிக்கவில்லை. அப்பாவையும்தான்.

மதியம் பிணம் வந்தது. கொள்ளி வைப்பது யார் என்று கேட்டார்கள். "ஒருக்கா செஞ்சாச்சுங்க. மறுக்கா செய்யக்கூடாதுங்க" என்றார் அப்பா. வேலி ஓரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். வீட்டில் ஒருவரும் தலை முழுகவில்லை.

செத்ததை எண்ணிச் சொல்கிறேன். மில் ஆட்கள் மூன்று பேர். வண்டி மாடு ஒன்று. ரங்கன், கூலி, என்று சர்க்கார் காகிதத்தில் ஒன்று. மாரப்பன் அந்தக் காகிதத்தில் இல்லை. பதினொரு வருஷம் அவரோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தேன். ஒரு தடவைகூட அப்பாரு என்று கூப்பிடவில்லை. "டேய் ரங்கா" என்றுதான் கூப்பிட்டேன். "ஏனுங்க அம்மணி" என்று ஓடி வருவார்.