தேன் நிறப் புள்ளிகள்

மீன் வாடை எனக்கு ஆகாது, ஐயா. மீன் நோய் ஆய்வகத்திலேயே தலை நரைத்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குக் கோபமும் வராது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் எதையும் யோசித்துத்தான் செய்வேன். இதையும் யோசித்துத்தான் செய்தேன்.

என் தங்கையின் கணவர் குளம் வெட்டி மீன் வளர்த்தார். திடீரென்று மீன்கள் உடம்பெல்லாம் புண்ணாகிச் செத்து மிதந்தன. ஒன்றை அறுத்து, சிறுநீரகத்திலிருந்து கிருமியை எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தேன். தேன் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தன. மரபணுவைப் பார்த்தால் தெரிந்த கிருமி எதோடும் சேரவில்லை. உலகம் அறியாத புது இனம். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே ஒரு மீன்ல கிடைச்சதை வச்சு இனம்னு எப்படிய்யா சொல்றது? வேற உடம்புல இருந்தும் கொண்டு வா."

நியாயம்தான். ஆனால் அதற்குள் மாப்பிள்ளை செத்த மீன்களையெல்லாம் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார். குளத்தையும் வடித்துவிட்டார். வடிக்கும்போது மீன் முள் ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறியிருந்தது.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, இவருக்குக் கை பூரா வீங்கிப் போச்சு. ஜுரம் கொதிக்குது. உன் கிருமியா இருக்குமோ?"

"மீன் கிருமி மனுஷனுக்கு வராதும்மா. வெந்நீர் ஒத்தடம் கொடு" என்றேன்.

உடம்புச் சூட்டில் அது செழித்து வளர்வதைப் பார்த்திருந்தேன். எந்த மருந்துக்குச் சாகும் என்றும் தெரியும். ஆனால் மருந்து உள்ளே போய்விட்டால் ரத்தத்தில் கிருமி கிடைக்காது. பழம் நழுவிப் பாலில் விழும்போது யாராவது கையை நீட்டித் தடுப்பார்களா?

அவருக்கு நடுக்கம் கண்ட பிறகு நானே போய் ரத்தம் எடுத்தேன். "மெதுவா மச்சான். உங்க மீனு கத்தாது, நான் கத்துவேன்" என்று சிரித்தார். நல்ல மனிதர். மருத்துவமனையில் சேர்த்ததும், என்ன கிருமியாக இருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். உறுதியாகாமல் வாய் திறப்பது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. "தட்டுல வளரட்டும், சொல்றேன்" என்றேன்.

வளர்ந்தது. அதே தேன் நிறம். மருந்தின் பெயரைச் சொல்லப் போனேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தங்கை வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீ பக்கத்துல இருந்தும் போயிட்டாரே அண்ணே" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

புது இனத்தை அறிவித்து வெளியிட்ட கட்டுரையில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. மீனில் கிடைத்த கிருமியை எந்த மருந்து கொல்லும் என்று முன்பே பார்த்துவைத்ததையும் எழுதினேன். அந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். தவளை தன் வாயால் கெடும்.

ஆமாம், ஐயா. தெரிந்தேதான் அவரைச் சாகவிட்டேன். மறுக்கவில்லை. ஆனால் தங்கையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடித்தவன் தன் பெயரையே இனத்துக்குச் சூட்டிக்கொள்வது எங்களில் வழக்கமில்லை. மாப்பிள்ளை பெயரைத்தான் வைத்திருக்கிறேன். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமல் போய்விட்டாரே என்று அவள் ஓயாமல் அழுகிறாளாம். அந்தக் குறையை நான் தீர்த்துவிட்டேன்.