நாலு ஸ்பூன் இசப்கோல்

இல்லக்கா, தண்ணி கிண்ணி எதுவும் வாணாம். மொதல்ல நான் சொல்றத கேளுங்க. முந்தாநேத்து உங்க வூட்டு விருந்துல எங்க வூட்டுக்காரரு சாப்டாம எய்ந்துட்டாரே, அதுல அவரு தப்பே இல்ல. எல்லாம் நான் பண்ண வேலை.

ஐயோ, பொண்ணு புடிக்காமயா? நம்ம தேவிப்ரியாவ யாருக்குக்கா புடிக்காது! புடிச்சதாலதான கை நனைச்சி சம்மந்தத்த உறுதி பண்ணிடலாம்னு வந்தோம்?

விஷயம் என்னான்னா, அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். தறியில குந்துனாகூட எழுப்பிடலாம், எலையில குந்துனா எழுப்பவே முடியாது. போளூர்ல நாத்தனார் வூட்டு கல்யாணத்துல சமையக்காரரே வந்து, யாருப்பா அதுன்னு எட்டிப் பாத்துட்டு போனாரு. எம் மானமே போச்சு. உங்க வூட்லயும் அதே கூத்து நடந்தா என்னா பண்றதுன்னு எனக்கு ஒரே பேஜாரு.

அப்பத்தான் போன்ல ஒரு டாக்டரம்மா சொல்லுது, நார்ச்சத்து சாப்டா வயிறு திம்முனு இருக்கும், ஜல்தி பசிக்காதுன்னு. விட்டனா? காலைல வாழத்தண்டு பொரியல், கொள்ளு சுண்டல். கெளம்பறப்ப மருந்துக் கடையில விக்கற இசப்கோலு உமி. அந்தம்மா ஒரு ஸ்பூன்னுதான் சொல்லிச்சு. நம்மாளு ஒடம்புக்கு ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு? நாலு போட்டு, சொம்பு நெறய மோருல கலக்கி குடுத்துட்டேன். அது உள்ள போயி ஊறி உப்பிகினு, வழியில சந்தவாசல் ஊரு வர்றதுக்குள்ள மனுஷன் ரெண்டு வாட்டி வேட்டிய தளத்திட்டாரு.

சிரிக்காதீங்கக்கா. ஆமா, வடைய கையில எடுத்து பாத்துட்டு திருப்பி வெச்சாரே, அது மொறைப்பு இல்ல, ஏக்கம். இன்னும் அந்த வடையப் பத்தியே பேசிகினு கீறாரு. மோரு விஷயம் அவருக்கு தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க.

நீங்க என்னாடான்னா, எலையில கை வெக்காதவங்க வூட்டுக்கு பொண்ணு இல்லன்னு நேத்து ஆள் விட்டு சொல்லிட்டீங்க. கோவம் நாயந்தான். ஆனா அதக் கேட்டதுலருந்து எங்க புள்ள சிவகுமாரு சோத்துல கை வெக்கல. தட்டு போட்டா, வயிறு நெறஞ்சிருக்கும்மான்றான். ரேணுகாம்பா சத்தியமா, அவனுக்கு நான் ஒன்னும் கலந்து குடுக்கலக்கா.

சரி, எலையப் போடுங்க. பழையதா இருந்தாலும் பரவால்ல. காலைலருந்து வயித்த காலியா வெச்சிகினு வந்துகீறேன். எங்க வூட்டுக்கும் சேத்து நான் கை நனைச்சிட்டுத்தான் போவேன்.