மாப்பிள்ளை தைத்த உறை

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. "சுடாமலே துப்பாக்கிய நாசம் பண்ணது நான்தான்டா" என்றார் ஜன்னல் ஓரம் இருந்தவர். இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"இன்னாடா சொல்ற? உங்க மாமனாரோட பழைய ரிவால்வரா?"

"அதான். அவங்க தாத்தா காலத்துது. போன வாரம் பழைய சாமானுக்கு மதிப்பு போடறவர் ஒருத்தர் பாத்துட்டு, நம்பரு, பிடி எல்லாம் ஒரிஜினல்னாரு. ஆனா குழல் பூரா துரு."

"பழசுன்னா துரு இருக்காதா?"

"இது புது துருவாம். என்னைத் தனியா கூப்ட்டு, தோல் உறையிலயா வெச்சிருந்தீங்கன்னு கேட்டாரு. தோல்ல இருக்கிற உப்பு இரும்ப அரிச்சிடுமாம். தலை தீபாவளிக்கு நான் தைச்சுக் குடுத்த உறைடா அது."

"இருபது வருசமா தோல்லயே கெடக்குற, இது தெரியலியா உனக்கு?" நண்பர் சிரித்தார். ஜன்னல் ஓரத்துக்காரர் சிரிக்கவில்லை.

"மாமனார்கிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? மாப்ள தைச்ச உறையில வெச்சதாலதான் இவ்ளோவாவது மிஞ்சிச்சுன்னு என் கையப் புடிச்சிக்கினாரு. நானும் ஆமா மாமான்னுட்டேன்."