ஒரு வண்டியும் நுழையாத பாதை

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவன் டயரில் காற்றை முழுக்க அடிக்கக் கூடாது, ஐயா. கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் சக்கரம் கல்லைப் பிடித்துக்கொள்ளும். தார்ச் சாலையில் பழகியவர்களுக்கு இது புரிவதில்லை. கல்லு மாதிரி அடித்துக்கொண்டு வந்து முதல் வளைவிலேயே மண்ணைக் கவ்வுவார்கள். நீங்கள் விசாரணை அதிகாரி. ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். பாதையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன், தையல்காரர். தண்டவாளம் பிடுங்கப்பட்டு முள் மண்டிக் கிடந்த அந்தப் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர். வழியில் ஐந்து வளைவுள்ள கல் பாலம், கூரை போன சுங்கச் சாவடி, அந்தக் காலத்து வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் வரலாற்றை எழுதிப் பலகை வைத்தேன். மச்சான் படித்துவிட்டுச் சிரிப்பார். "மாப்ள, நீ எழுதுனா ராஜா காலத்துப் பாலம்கூட கிரயப் பத்திரம் மாதிரி ஆயிடுது" என்பார்.

இரண்டு முனையிலும் இரும்புக் கதவு வைத்தோம். ஓரத்தில் சைக்கிள் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி, அது என்னிடம். கதவின் மேல் என் கையாலேயே எழுதினேன்: இந்தப் பாதையில் இன்றுவரை ஒரு மோட்டார் வண்டியும் நுழைந்ததில்லை. ஒன்பது வருஷமாக அது உண்மையாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பெரிய மரம் குறுக்கே விழுந்தது. டிராக்டர் வைத்திருந்த ஒருவர் சும்மாவே இழுத்துப் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று நாலு நாள் கை ரம்பத்தால் அறுத்தோம். கல்யாண ஜோடி ஒன்று காரோடு உள்ளே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றபோது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி அனுப்பினேன். குழுவில் எனக்குப் 'பூட்டு' என்றே பெயர். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இன்னொரு சாவி வேண்டும் என்று கேட்டவர் மச்சான் ஒருவர்தான்.

"ஒரு சாவிய ஆஸ்பத்திரில குடுத்து வெப்போம் மாப்ள. ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

"ஒண்ணு குடுத்தா அது அஞ்சாயிடும் மச்சான். அப்புறம் பூட்டு எதுக்கு?"

"நீ என் தங்கச்சியக் கட்டுனியா, இந்தப் பாதையக் கட்டுனியா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பதிலாகச் சைக்கிளின் பின்னால் மாட்டும் ஓர் இழுவை வண்டியைச் செய்யச் சொன்னேன், ஆள் படுக்கிற நீளத்துக்கு. அதன் படுக்கைக்கான கித்தானை மச்சானே தைத்துக் கொடுத்தார். வண்டியைக் கதவுக்கு உள்ளேயே ஓரமாக நிறுத்தி வைத்தோம். என் சைக்கிள் கால்சட்டைகளிலும் வலது தொடைக்கு மேலே சாவிக்கென்று ஒரு பை தைத்து, அதற்குப் பொத்தானும் வைத்தார். "தொலச்சிடாத, இருக்கறது ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் ஒன்பது பேர். பாலத்தைத் தாண்டும்போதே மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது. வெடிமருந்துக் கிடங்கின் நிழலில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எங்களில் ஒருவர் மருந்துக் கடைக்காரர், அவர் பார்த்தவுடன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். கதவைத் திறக்க நான் சைக்கிளை மிதித்தேன். அங்கிருந்து கதவுக்கு நாலு கிலோமீட்டர். திறக்கத்தான் போனேன், ஐயா. பாதி வழிவரை அது சத்தியம்.

பாலத்தின் மேல் வரும்போது அந்தச் சரளையைப் பார்த்தேன். முந்தின வாரம்தான் வாரிச் சமன் செய்திருந்தோம். அதன் மேல் சைக்கிள் தடங்கள் மட்டும் மெல்லிசாக ஓடின. கனமான வண்டி ஒன்று அதன் மேல் ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் மிதித்ததில் வேகம் இல்லை.

நான் போய்ச் சேரும் முன்பே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. அந்த ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார்.

"சார், பூட்டத் தொறங்க, சீக்கிரம்."

"சாவி வீட்ல இருக்கும்மா. போயிட்டு வர முக்கா மணி நேரம் ஆகும்."

அவர் உடனே ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்தார். "ஒடச்சிடறேன் சார்."

"அது லேசுல ஒடயாது. ஒடஞ்சாலும் பாலம் இந்த வண்டியத் தாங்காது. அளந்தவன் சொல்றேன். என்கிட்ட இழுவ வண்டி இருக்கு, அதுதான் வேகம்."

பாலம் தாங்கும். அதன் மேல் ரயில் ஓடியிருக்கிறது. இதை நான் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பலகை உள்ளே பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கதவுக்கு வெளியே நிற்பவர் எப்படிப் படிப்பார்? அவர் கம்பியைக் கீழே வைத்தார். நீங்கள் அவர் மேல் சொல்லும் குற்றம் இதுதானே, பூட்டை உடைக்கவில்லை என்று. அளவைத் துறைக்காரன் ஒருவன் நிதானமாகச் சொன்னதை அவர் நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

செவிலியரையும் மருந்துப் பையையும் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்ப மிதித்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஆம்புலன்ஸ் போயிருந்தால் ஏழு நிமிஷம். கதவுக்கு முன்னால் நின்றபோதே எனக்கு அது தெரியும், தூரம்தானே என் பிழைப்பு.

மச்சானுக்கு நினைவு இருந்தது. தூக்கிப் படுக்க வைக்கும்போது அவர் தலை என் இடுப்புப் பக்கம் இருந்தது.

"வண்டி உள்ள வரலயா மாப்ள?"

"சாவி வீட்லயே இருந்துடுச்சு மச்சான்."

பிடிமானத்துக்காக நீட்டிய அவர் கை என் தொடையில் பட்டது. பட்டது அங்கேயே நின்றது. அவர் தைத்த பை, அவர் வைத்த பொத்தான். துணிக்கு மேலேயே இரண்டு விரலால் சாவியைத் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் துணியைத் தொட்டுப் பிழைத்த விரல், அதை ஏமாற்ற முடியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். மருந்துக் கடைக்காரர் பக்கத்தில்தான் இருந்தார், செவிலியர் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சரி, ஓட்டு."

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வந்த செவிலியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. கதவு வரைக்கும் மிதித்தேன்.

அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னபோது, எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். உயிரைக் கொடுத்து இழுத்தாரே என்று சொன்னார்கள். என் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அண்ணனைப் பறிகொடுத்தவள் என் பாதத்தடியில் உட்கார்ந்து எண்ணெய் தடவினாள். "எங்க அண்ணனுக்கு நீங்க செஞ்சத எந்தத் தம்பியும் செய்ய மாட்டான்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு காலை நீட்டிக்கொண்டிருந்தேன், ஐயா. மனசு குத்துகிறது என்று சொல்கிறார்களே, அது சும்மா பேச்சு இல்லை. அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடக் கூசுகிறது. போன வாரம் அந்த ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம். "சாவி இல்லன்னு நீங்க சொன்னத மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று கேட்டார். இல்லாத சாவிக்கு அவர் சாட்சி கேட்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பத்து வருஷம் ஒரு வண்டியும் நுழையாத பாதைக்குச் சான்றிதழ் தருகிற சங்கம் ஒன்று இருக்கிறது. அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எழுதுவதற்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர்கள் விதியில் ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. அதையும் நான் படித்திருந்தேன். அவர்கள் விலக்குக் கொடுத்தார்கள், நான் கொடுக்கவில்லை. பொய் சொல்லி, தெரிந்தே, என் மனைவியின் அண்ணனைச் சாக விட்டேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவிக்கு நானே சொல்கிறேன், அந்த ஒரு நாளை மட்டும் எனக்குக் கொடுங்கள். மச்சான் "சரி" என்று சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவருக்கு என்னைப் புரிந்திருந்தது.

இதோ சாவி. நாளைக்கு அந்த இடத்தைப் பார்க்கப் போவீர்கள் என்று தெரியும். உங்கள் ஜீப்பைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள், ஐயா, உள்ளே போக நல்ல சைக்கிள் ஒன்று துடைத்து வைத்திருக்கிறேன்.