கட்டைவிரல் எட்டும் தூரம்

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் கண்ணாடி போடவில்லை. போனுக்குள் இருக்கும் பலகையில் கடுகில் கால்வாசி அளவுக்குப் பாகங்கள் உண்டு. பக்கத்துக் கடைக்காரர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பதை நான் வெறும் கண்ணால் பார்த்துப் பற்றவைப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஸ்டேஷனில் உட்காரவைத்து வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்து, "முதல்லேருந்து உங்க வார்த்தையிலயே எழுதுங்க பாய்" என்றீர்கள். எனக்கு முதல் என்பது அதுதான்.

பெயர் இனாயத். லஸ் பக்கத்தில் ஒரு சந்தில் இருபத்திரண்டு வருடமாகப் போன் பழுதுபார்க்கிறேன். வீடு அபிராமபுரத்தில், மூன்றாவது மாடி. என் மனைவி குல்சும் இறந்து இன்று பன்னிரண்டாவது நாள். நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான் என்று தெரியும், மேடம். ஆனால் திரையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெரிய போன் நல்லதா, சின்னது நல்லதா? எல்லாரும் பெரியதை நோக்கித்தான் போகிறார்கள். எழுத்து பெரிதாகத் தெரியும், படம் பார்க்கலாம், உள்ளே இடம் அதிகம் என்பதால் பேட்டரியும் பெரிதாக இருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. கை பிடிப்பது மூலையை அல்ல, அகலத்தை. அதைப் பெட்டியில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை.

இன்னொன்று. போனை ஒரே கையில் பிடித்தால் கட்டைவிரல் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் மாதிரி ஆகிவிடுகிறது. அடிப்பகுதி உள்ளங்கையில் ஊன்றியிருக்கும், நுனி வில்லாகச் சுற்றும். அந்த வில்லுக்குள் இருப்பது உங்களுடையது. வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியும், விரலுக்குக் கிடைக்காது. வலது கைக்காரர்களுக்கு மிகத் தூரமான இடம் மேல் இடது மூலை. இதைச் சொன்னால் எல்லாரும் உடனே தங்கள் போனை எடுத்து முயன்று பார்ப்பார்கள். போன வாரம் நீங்களும் முயன்று பார்த்தீர்கள்.

இனி குல்சும். அவள் ஆரி வேலை செய்தவள். தி.நகர் கடைகளுக்குக் கல்யாண ஜாக்கெட்டுகளில் ஜரிகைப் பூ போட்டுக் கொடுப்பாள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலிருந்து வலது கை ஊசியைக் குத்தும். கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இடது கை நூலைப் பிடித்து ஊசிக்கு ஊட்டும். ஆறு வருடம் முன்பு மந்தைவெளியில் அவள் வந்த ஆட்டோ கவிழ்ந்து இடது மணிக்கட்டின் நரம்பு போனது. கை இருந்தது, பிடிமானம் இல்லை. சட்டத்தைப் பிரித்துப் பரண்மேல் போட்டேன். "நான் இருக்கேன்ல" என்றேன். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னியது நான், மீன் ஆய்ந்தது நான், புடவைக்கு ஊக்கு குத்தியது நான். அந்த ஆறு வருடங்கள்தான் எங்களுடைய நல்ல காலம் என்பேன். இந்த வரியை நீங்கள் அடிக்கோடிடுவீர்கள். பரவாயில்லை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. தூசி ஆகாது. பம்ப் மருந்தை வாயில் வைத்து இழுத்தால்தான் அடங்கும்.

அவளிடம் இருந்தது ஒரு சின்ன போன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் அவள் வலது கட்டைவிரலால் மட்டும் எழுதுவாள், மழைத்துளி விழுகிற வேகத்தில். போன வருடக் கடைசியில் ஒரு மாற்றம் பார்த்தேன். நான் அறைக்குள் வந்தால் அந்தக் கை கவிழ்ந்துகொள்ளும். சில சமயம் தனியாகச் சிரிப்பாள்.

"யாரு?" என்று கேட்டேன்.

"உம்மே ஹானிங்க. ஆஸ்பத்திரில கூட்டமா உக்காந்துக்கினு இருந்தப்போ பழக்கமாச்சுன்னு சொன்னேனே."

"இவ்ளோ நேரம் இன்னா பேசறீங்க?"

"உங்க தலைல இன்னும் எத்தினி முடி பாக்கின்னு எண்ணிக்கினு இருக்கோம்."

இப்படித்தான் பேசுவாள். எதையும் சிரிப்பில் மூடிவிடுவாள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன். எத்தனை போன்களில் 'கேஸ் கம்பெனி', 'டெய்லர் அக்கா' என்ற பெயர்களுக்குப் பின்னால் யார் யார் இருப்பார்கள் என்று தெரியும். ஒரு பெயர் எப்போதும் ஒரே மாதிரி, தயங்காமல் வந்து விழுந்தால் அது ஒத்திகை பார்த்த பெயர் என்று நினைக்கத் தொடங்கினேன்.

திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு சீட்டில் ஒன்பது புள்ளி வைத்து, லாக் திறக்கும் கோட்டை வாடிக்கையாளரையே வரையச் சொல்வோம். டிஸ்பிளே மாற்றியதும் தொட்டால் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அவள் போனுக்குப் பேட்டரி மாற்றியபோது வரைந்த சீட்டு இன்னும் என் கடையில் இருக்கிறது. கோடு எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் திறக்கவில்லை. அடுத்தவர் போனை அவர் அனுமதியில்லாமல் திறப்பவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அதனால்தான் பெரிய போன் வாங்கினேன். ஆறே முக்கால் இன்ச். ரம்ஜான் பரிசு. எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன். இந்தக் காலத்துத் திரைகள் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மங்குவதில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி ஆறடி தூரத்திலிருந்து படிக்கலாம். திறக்க வேண்டியதில்லை. பார்ப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

"இன்னாங்க இது, போனா முறமா? அரிசி பொடைக்கலாம் போல கீது. ஒரு கைக்காரிக்கு இது எதுக்கு?"

"கண்ணுக்கு நல்லது" என்றேன்.

அமைதியான நேரத்தில் அவளால் அதைச் சமாளிக்க முடிந்தது. மேஜைமேல் படுக்கப்போட்டு ஆட்காட்டி விரலால் தொடுவாள். இரண்டு வாரம் சோபாவிலிருந்து பார்த்தேன். சமையல் வீடியோ, தங்கை வஜீஹாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, தண்ணீர் லாரிக்காரர் எண். உம்மே ஹானி என்ற பெயரே வரவில்லை. உங்களுக்கு இது நிம்மதியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுமே இல்லாத திரையைப் போல சந்தேகம் தருவது வேறெதுவும் இல்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தபோது சமையலறை பிளக்கில் இருந்த சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பெரிய போன் கூடத்தில், முழு சார்ஜில் கிடந்தது. சார்ஜர் சும்மா சூடாகாது. சற்று முன்வரை எதற்கோ மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். அரிசி டின்னுக்குப் பின்னால் சின்ன போன் இருந்தது. சிம்மைப் பெரிய போனுக்கு மாற்றியிருந்தேன், ஆனால் வீட்டு வைஃபை போதுமே. தொட்டேன். கைக்குள் அது உயிரோடு இருப்பது மாதிரி இளஞ்சூடாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கறிக்குழம்பு நன்றாக இருந்தது.

அதன் பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மோதிரம் வாங்கப்போவதாகச் சொல்லி அவள் விரலை அளந்தேன். மோதிர விரலோடு கட்டைவிரலையும் அளந்தேன். அடியிலிருந்து நுனிவரை ஐந்தே முக்கால் சென்டிமீட்டர். பெரிய போனில் என் படம் போட்ட அழைப்புப் பொத்தானை மேல் இடது மூலைக்கு மாற்றினேன். மற்ற அழைப்புப் பொத்தான்களையும் அங்கேயே கொண்டுபோனேன். கீழ் வரிசையில் கால்குலேட்டர், கடிகாரம், டார்ச், கேமரா. திரையைக் கீழே இழுத்துத் தரும் ஒற்றைக் கை வசதியை அணைத்தேன். பக்கத்துப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்பு போகும், அதையும் அணைத்தேன். வழுவழுவென்று ஒரு கவர் போட்டேன்.

"எல்லாத்தையும் மேல ஏத்திட்டீங்களே" என்றாள்.

"பாக்க அழகா இருக்கும்" என்றேன்.

இளைப்பு வந்தால் அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றிக்கொள்வாள். ஊன்றினால்தான் மார்பு விரியும். பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ஊன்ற ஒரு கை, போன் பிடிக்க ஒரு கை. அவளுக்கு இரண்டுக்கும் ஒரே கை. மூச்சில்லாதபோது கத்தவும் முடியாது, குரலால் போனுக்குக் கட்டளையிடவும் முடியாது.

எதிர் வீட்டில் சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும் வேலை வியாழக்கிழமை என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். புதன்கிழமையே அவள், "பம்ப் தீந்துபோச்சுங்க, மறக்காம வாங்கியாங்க" என்றாள். அன்று மாலையே வாங்கிவிட்டேன். நான் மறப்பவன் இல்லை. அது கடையில், மேஜை இழுப்பறையில் இருந்தது. வியாழன் காலை கிளம்பும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த சின்ன போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைக்குப் போனதும் அதையும் இழுப்பறையில் வைத்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஊரூர் குப்பத்திலிருந்து, மண்ணாங்கட்டி என்று பெயர். படகு வைத்திருப்பவர். டிஸ்பிளே முழுக்கச் சிலந்தி வலை.

"இன்னா பாய், இந்தப் போனு கைல நிக்கவே மாட்டேங்குது. ஒரு கைல கயிறு, ஒரு கைல இது. கடல்ல போற வஞ்சிர மீனு இதைவிட அடக்கமா கீது."

"உங்களுக்கு யார் இதை வாங்கச் சொன்னது?"

"மச்சான்தான். பெருசு வாங்கு, கெத்தா இருக்கும்னான். அவன் கரையில குந்திக்கினு சீட்டாடுறவன், அவனுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ."

நான் சிரித்தேன். பிறகு அவருக்கு விளக்கினேன். விளக்காமல் விட எனக்கு வராது. மூலைக்கு மூலை அளவு, அகலம், காம்பஸ், வில், தூரமான மூலை. ஒரு கை வேலையில் இருக்கிறவர்களுக்குச் சின்னதுதான் நல்லது, பெரிய போன் ஆபத்துக்கு உதவாது என்றேன். அவருடைய கட்டைவிரலில் மை தடவி, பழைய கண்ணாடி ஒன்றின்மேல் வில் போடவைத்துக்கூடக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் என் போன் மேஜையில், முகம் மேலாக இருந்தது. அது ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் ஏழு நிமிடத்தில் பம்ப்போடு போயிருப்பேன். இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அவள் எட்டவில்லை, அவ்வளவுதான்.

எட்டாது என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அளந்திருந்தேன்.

ஒன்றரைக்கு வீட்டுக்குப் போனேன். அவள் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். மூச்சு இல்லை. சமையலறையில் அரிசி டின் நகர்த்தியிருந்தது. அதன் பின்னால் தேடியிருக்கிறாள் என்று புரிந்தது. பெரிய போன் அவள் மடியருகே கிடந்தது. சட்டைத் துணியால் அதைத் துடைத்திருக்கலாம். துடைக்கத் தோன்றவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். புதுக் கண்ணாடி, தடம் தெளிவாக விழுந்திருந்தது. வில் வில்லாக ஒன்பது கோடுகள். எல்லாம் மூலைக்கு மூன்று விரல் தூரத்தில் நின்றுபோயிருந்தன. என் கணக்கு இரண்டரை விரல்.

விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அந்தக் கோடுகளைப் பார்த்தீர்கள். ஆனால் அவற்றுக்கு அர்த்தம் சொன்னது மண்ணாங்கட்டி. செய்தி கேட்டு மாலையோடு வந்தவர், வாசலில் உங்களிடம் கையை நீட்டி, "பாய் சொல்லிக்கொடுத்தாரும்மா, கட்டைவிரலு வில்லு போடும்னு" என்று கண்ணீரோடு விளக்கினார். நல்ல மனிதர். நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட மறக்கவில்லை.

உடனே நீங்கள் கேட்டீர்கள். "ஒரு கைக்காரங்களுக்குப் பெரிய போன் ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அப்புறம் உங்க சம்சாரத்துக்கு மட்டும் ஏன் பாய் முறம் மாதிரி ஒண்ணை வாங்கிக் குடுத்தீங்க?"

அதற்குப் பதில்தான் இவ்வளவும். ஒளிக்கிறவளுக்கு ஒளிக்க இடம் இருக்கக் கூடாது. என் இடத்தில் யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் சந்தேகத்தோடு நின்றுவிடவில்லை, அவ்வளவே. நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதி முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடப்போனேன். நீங்கள் மூட விடவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்த சின்ன போனைத் திறந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். உம்மே ஹானி என்பவர் கைக்குப் பயிற்சி கொடுப்பவர், நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழுதுவிட்டுப் போனார் என்கிறீர்கள். கடைசியாக, புதன்கிழமை போன செய்தியைச் சத்தமாகப் படிக்கிறீர்கள்: "ஹானி, இன்னிக்கு இந்தப் போனை எடது கைலயே புடிச்சு எழுதறேன். பெருசு இன்னும் நிக்க மாட்டேங்குது, இது நிக்குது. சட்டத்தைப் பரண்லேருந்து எறக்கணும். அவர்கிட்ட இப்ப வாணாம்." கீழே ஒரு படம் இருக்கிறது, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்தது, போனைப் பிடித்திருப்பது எந்தக் கை என்று பாருங்கள் என்கிறீர்கள்.

பார்த்தேன், மேடம். நீங்கள் படித்ததுதான் அதில் எழுதியிருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. படத்திலும் கை எது என்று தெரியவில்லை. எனக்கு வயது நாற்பத்தெட்டு ஆகிறது. திரை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் படித்திருப்பேன்.