கொசுவலைக்கு வெளியே

ராத்திரி ஒரு மணி. ஜவ்வாது மலையில், நிலத்தோரம் தனியாக நிற்கும் ஒரு வீட்டுக்குப் போகிற மண்பாதை. அந்த நேரத்தில் அதில் ஒரு வண்டியும் வராது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

என் சிநேகிதி அருணாவின் கூடப்பிறந்த அண்ணன் பூவரசன். போன சித்திரையில் பெண்டாட்டி செல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாதையில்தான் ஓடினான். கட்டுவிரியன் கடி. வலியே தெரியாது என்பார்கள்... இமை தொங்கும், நாக்கு தடிக்கும். தார் ரோட்டை எட்டும்போது அவளுக்கு மூச்சில்லை.

தகரக் கூரை வீடு. வெயில் காலத்தில் உள்ளே படுத்தால் வெந்துபோவோம். வாசலில் பாய் போட்டுக் கொசுவலை கட்டி, விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் எதுவும் நுழையாது. ஆனால் அது சின்ன வலை. அன்றைக்குப் பகலெல்லாம் புளி உலுக்கிய அலுப்பு என்று பூவரசன் குழந்தை வெண்ணிலாவோடு வலைக்குள் படுத்துக்கொண்டான். செல்லி வெளியே, வெறும் பாயில்.

அவள் செத்த பிறகு அவன் அழவில்லை. கஞ்சி காய்ச்சினான், பிள்ளைக்குத் தலை வாரினான், அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது.

இந்தச் சித்திரை. அதே வாசல், அதே வலை. சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்து, விளிம்பைச் செருகிவிட்டுப் படுத்தான். நடுவில் விழிப்பு வந்தது. ஈரமண் வாடை... மழை பெய்து மாசக்கணக்காகிறது. வலைக்கு வெளியே, காதுக்குப் பக்கத்தில், பாயை நகம் சுரண்டுகிற சத்தம். சர்ர்... சர்ர்...

“இன்னாங்க...”

செல்லியின் குரல். நாக்கு தடித்த குரல்.

“கீழ ஏதோ ஊருதுங்க... நானும் உள்ள வந்துடட்டா?”

அவனுக்குப் பயமே வரவில்லையாம். பிள்ளையைப் பார்த்தான், தூங்கிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தூக்கி வெளியே வந்தான். சில்லென்று ஏதோ அவனை உரசிக்கொண்டு உள்ளே போனது. பிறகு உள்ளிருந்து ஒரு கை, விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகியது. நிதானமாக... நாலு பக்கமும்.

விடியும்வரை குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று அருணா அங்கே போயிருந்தாள். ராத்திரி அவன் வலைக்கு வெளியே பாய் விரிப்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

“இன்னாண்ணா, உனுக்குப் பயித்தியமா? உன்னயும் கடிச்சி வெச்சா பாப்பாக்கு யாரு இருக்கறா? உள்ள போய்ப் படு.”

அவன் வலையைப் பார்த்தான். வெண்ணிலா ஒரு ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள்.

“உள்ள எடம் இல்லம்மா” என்றான்.