ஏரிப் பக்கத்து வால்வு

நான் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடிப்பதில்லை. நீங்கள் கொடுத்ததைத் தொடாமல் வைத்திருப்பதற்கு வேறு காரணம் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளட்டுமா? ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அந்த எண்ணெய் ஆலையில் நான் சுற்றுச்சூழல் அதிகாரி. நான் வருவதற்கு முன்பு கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் வால்வைத் திறந்து ஏரியில் விட்டுவிடுவார்கள். மீன் செத்து மிதக்கும். நிர்வாகத்தோடு சண்டை போட்டு அந்த வால்வுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் கழுத்துச் சங்கிலியிலேயே தொங்கியது. தொட்டியைப் பார்த்துக்கொண்ட சவுரிராயன் கேலி செய்வார்: "மேடம் ஏரியக் கட்டிக்கினாங்கய்யா. தாலியப் பாரு." நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட வெளியே போனதில்லை.

அன்று மதியம் தொட்டியிலிருந்து கழிவுநீரைச் சுத்திகரிப்புக்கு இறைக்கும் பம்பு அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க அவர் இறங்கியபோது துருப்பிடித்த ஏணி முறிந்து அவரோடு விழுந்தது. எட்டிப் பிடிக்க முடியாத ஆழம். அவருக்கு நீச்சலும் தெரியாது. ஆலையை நிறுத்தச் சொன்னோம். ஆனாலும் குழாயில் இருந்தது வந்துகொண்டே இருந்தது. மார்பளவு, பிறகு கழுத்தளவு. கயிறு தேடி ஆட்கள் ஓடினார்கள்.

அவர் கத்தவில்லை. "மேடம், பூட்டத் தொறங்க. ஜல்தியா தொறங்க மேடம்," என்றார்.

அவருடன் வேலை பார்த்த சித்ரா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னா மேடம் பார்த்துக்கினு நிக்கிறீங்க? தொறந்தா தண்ணி எறங்கிடும்ல?"

இறங்கிவிடும். எனக்குத் தெரியும். ஆனால் இறங்குவது எங்கே போகும்? மீன்களை நினைத்தேன். நாரைகளை நினைத்தேன். அந்தத் தண்ணீரை நம்பி நட்ட நெல்லை நினைத்தேன். ஒரு பக்கம் ஓர் உயிர், மறுபக்கம் எத்தனையோ. யாராவது ஒருவர் யோசித்துத்தானே ஆக வேண்டும்?

வால்வு வரை போனேன். பூட்டு இறுகிவிட்டது, திறக்கவில்லை என்று திரும்பிச் சொன்னேன். சாவியை நான் பூட்டுக்குள் நுழைக்கவே இல்லை, சார். சித்ரா கடப்பாரையோடு ஓடிவந்தபோது தொட்டியில் சத்தம் அடங்கியிருந்தது.

முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோன வண்டியில் நானும் போனேன். அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அன்று ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டீர்கள். அது சித்திரை மாதம். தண்ணீர் இல்லை. உள்ளே டிராக்டர்கள் வண்டல் மண் அள்ளிக்கொண்டிருந்தன.

இருந்தாலும் அது ஏரிதானே, சார்.